சுழிப்பிழை

முகாமுக்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு. மருந்துக்கடைக்கு மேலே, சங்கத்தின் ஒற்றை அறையில், முந்நூற்றுப் பன்னிரண்டு மூக்குக்கண்ணாடிகள் நீள மேசையில் கால் மடக்கிப் படுத்திருந்தன. ஜன்னல் வெயில் அத்தனை வில்லைகளிலும் பட்டுத் தெறித்து எதிர்ச்சுவரில் சின்னச் சின்ன ஒளிவட்டங்களாக விழுந்திருந்தது. கீழே தெருவில் லாரி போனால் மேசை அதிரும். மேசை அதிர்ந்தால் சுவர் முழுக்க ஒரு குளம் அசைவது போலிருக்கும்.

லேப் அக்கா வேலையை விட்டுவிட்டு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் அவள் இயற்பியல் ஆய்வக உதவியாளர். ஐம்பத்திரண்டு வயது. பிள்ளைகள் வைத்த பெயர் சங்கத்திலும் ஒட்டிக்கொண்டது. பார்வை குறைந்தவர்களுக்கு உதவுகிற சங்கம் அது. மொத்தம் பதினான்கு பேர். வீடு வீடாகப் போய், யாரும் போடாத பழைய கண்ணாடிகளைக் கேட்டு வாங்கி வருவார்கள். கழுவி, திருகு இறுக்கி, பவர் அளந்து, எண் எழுதிய சீட்டைக் காலில் கட்டி வைப்பார்கள். நான்கு மாதத்துக்கு ஒரு முறை முகாம். வருகிறவர்களின் கண்ணைச் சோதித்து, சீட்டைப் பார்த்துப் பொருத்தமானதை எடுத்துக் கொடுப்பார்கள். பார்வை முழுக்கப் போனவர்களுக்குக் கைத்தடியும், ஆஸ்பத்திரிக்கோ ஆபீசுக்கோ கூடப் போக ஓர் ஆளும்.

அளப்பது லேப் அக்காவின் வேலை. மூன்று வருடமாக அவளைத் தவிர வேறு யாரும் அந்த மெஷினில் கண் வைத்ததில்லை. லென்ஸ்மீட்டர் என்று பெயர். கண்ணாடியை அதில் பொருத்திக் குழலுக்குள் பார்த்தால் பச்சைக் கோடுகள் தெரியும். அவை கூராகும் வரை பக்கத்துச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். சக்கரம் நிற்கிற எண்தான் பவர். அவள் எண்ணைச் சொல்லச் சொல்ல, எதிரே கண்டக்டர் எழுதிக் கட்டுவார்.

கண்டக்டர் பஸ்ஸை விட்டு இறங்கி ஆறு வருடமாகிறது. இன்னும் ஒரு காலை முன்னால் ஊன்றித்தான் உட்காருவார், அறை எந்த நேரமும் பிரேக் போடலாம் என்பது போல.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு பெண் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. தையல்காரி என்று சொல்லத் தேவையில்லை.

"இங்க கண்ணாடி அளக்கறது யாரு?"

"நான்தாங்க."

"நல்லா இருப்பீங்க. போன முகாம்ல வாங்கினது இது. ஒரு தடவை பாத்துடுங்க."

"உடைஞ்சுபோச்சா?" என்றார் கண்டக்டர்.

"உடையலைங்க. இதைப் போட்டா துணிய மூக்குக்கிட்ட கொண்டுவர வேண்டியிருக்கு. கைய நீட்டித் தைக்க முடியலை. நேத்து ஒரு அம்மாவோட சட்டைக்குப் பட்டன் தைக்கறேன்னு என் சட்டைக் கையையும் சேத்துத் தைச்சுட்டேன். அவங்க கிளம்பினாங்க, நானும் கூடவே கிளம்பிட்டேன்."

"டிக்கெட் எடுத்தீங்களா?"

தையல்காரி சிரித்தாள். "எங்க அண்ணன் கதை இன்னும் மோசம். அவரும் இங்கதான் வாங்கினாரு, தூரத்துக்கு. போர்டு படிக்கறதுக்குள்ள பஸ்ஸு போயிடுதாம். ஆனா எதிர்ல வர்ற பொம்பளைங்க எல்லாரும் ரொம்ப அழகாத் தெரியறாங்களாம். அண்ணி ரெண்டு நாளா பேசறதில்லை."

"அழகான்னா எப்படி?" லேப் அக்கா மெல்லக் கேட்டாள்.

"யார் மூஞ்சிலயும் ஒரு கோடு இல்லையாம். தெருவிளக்கெல்லாம் பஞ்சு வெச்ச மாதிரி இருக்காம். கனவுல நடக்கற மாதிரி இருக்குன்னாரு. அந்த மனுசன் வாயில இப்படி வார்த்தை வந்து நாங்க கேட்டதே இல்லை."

லேப் அக்கா கண்ணாடியை வாங்கிக்கொண்டாள். காலில் சீட்டு இன்னும் இருந்தது. பிளஸ் ஒன்றரை. கண்டக்டரின் கையெழுத்து. "வெச்சுட்டுப் போங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கங்க."

தையல்காரி வாசலில் நின்று திரும்பினாள். "உங்களுக்குக் கண்ணாடியே இல்லையே. கொடுத்து வெச்சவங்க."

"அதைக் கேளுங்க," என்றார் கண்டக்டர், ஏதோ தன் சொந்தச் சாதனை போல. "போன வருசம் வரைக்கும் படிக்கறதுக்குப் போட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. இப்ப அதையும் கழட்டி வீசிட்டாங்க. எங்க அக்காவுக்கு வயசு ரிவர்ஸ்ல போகுது."

தையல்காரி இறங்கிப் போன பிறகும் லேப் அக்கா அந்தச் சீட்டைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். கிட்டத்தில் தெளிவு. தூரத்தில் பஞ்சு. தையல்காரியின் அண்ணன் போட்டுக்கொண்டிருப்பது தன்னுடைய கண்ணை என்று அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

ஏழு மாதம் முன்பு ஒரு காலையில், கண்ணாடி இல்லாமலே மருந்துச் சீட்டின் பொடி எழுத்தை அவள் படித்தாள். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தூரம் விலகிப்போனது. எதிர் வரிசை வீட்டின் கதவு எண், மைதானத்தின் மறுபக்கம் நிற்கிற பிள்ளையின் முகம், கரும்பலகையின் தேதி. யாரோ ஓர் ஈரத் துணியால் உலகத்தை விளிம்பிலிருந்து உள்நோக்கித் துடைத்துக்கொண்டு வருகிற மாதிரி. மாலையில் விளக்குகள் எரியும்போது ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம் நின்றது. உள்ளே நீலம், வெளியே சிவப்பு.

அவள் விஞ்ஞானம் படித்தவள். வளையங்களுக்குக் காரணம் இரண்டு இருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். ஒன்று, புரை; கண்ணின் வில்லை பழுத்துத் தடிக்கிறது. அப்போது கிட்டப் பார்வை கொஞ்ச காலம் திரும்பி வரும், விருந்தாளி மாதிரி. இருபது நிமிட ஆபரேஷனில் எல்லாம் சரியாகும். இரண்டாவது, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு சாவது; அதற்கு ஆபரேஷன் செய்தாலும், போன பார்வை போனதுதான். அவளுடைய அப்பாவுக்கு வந்தது அது. விளக்கைச் சுற்றி வளையம் தெரியுதும்மா, ரொம்ப நல்லா இருக்கு என்று அவர் ஒரு நாள் சொன்னார். பதினோரு மாதத்தில் டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றினார்.

எது என்று தெரிந்துகொள்ள கண் டாக்டரின் நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். அவள் உட்காரவில்லை. உட்காராத வரை இரண்டும் இல்லை. வளையங்கள் மட்டும்தான்.

"ஏம்மா, அடுத்தது?" என்றார் கண்டக்டர்.

"முடிஞ்சுதுண்ணே. போலாம்."

வீட்டுக்கு நடந்தாள். பொழுது சாய்ந்து கடைகளில் விளக்குப் போடுகிற நேரம். தெரு முழுக்க வளையங்கள் பூத்தன. பழக்கடைக்கு ஒன்று, சைக்கிள் கடைக்கு ஒன்று, வருகிற வண்டிக்கு இரண்டு. மனிதர்கள் தண்ணீருக்கு அடியில் நடக்கிறவர்களைப் போல நிதானமாக வந்து, மிக அருகில் வந்ததும் சட்டென முகம் பெற்றார்கள். அவளுக்கு இது பிடித்திருந்தது. இதை யாரிடமும் சொல்ல முடியாது. பயந்துகொண்டே ஒன்றைப் பிடித்துப்போவது உண்டு.

எதிரே ஒரு சாம்பல் நிறச் சட்டை நின்றது. தாண்டிப் போகப் பார்த்தாள்.

"இந்தா, எங்க போற?"

வீட்டுக்காரர். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். தோளில் கருவிப் பை.

"யோசனையா வந்தேன்."

"நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். முன்னெல்லாம் தெருமுனையில வர்றப்பவே மொறைப்ப. இப்ப பக்கத்துல வந்தாத்தான் மொறைக்கற. என் மேல அன்பு கூடிப்போச்சா, இல்ல உடம்பு சரியில்லையா?"

"ரெண்டும் இல்லை. நடங்க."

அவர் நடக்கவில்லை. ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். பிறகு பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, எப்போதும் இல்லாத வழக்கமாக, சாக்கடை ஓரத்துப் பக்கம் தான் வந்து நடந்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. சாப்பிடும்போது ஏதோ ஒரு வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் சாவிக்கொத்து இருந்த கதையைச் சொன்னார். அவள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் தனியாக வந்து அறையைத் திறந்தாள். இன்னும் இருபத்தைந்து மணி நேரம்.

ஒவ்வொரு வருடமும், பள்ளி திறந்த முதல் வாரத்தில், அவள் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்வாள். எந்தக் கருவியானாலும் சரி, அளக்கும் முன் அதில் எதையும் வைக்காமல் ஒரு முறை பாருங்கள். வெறுமனே இருக்கும்போது அது பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது சுழிப்பிழை. நீங்கள் எவ்வளவு ஒழுங்காக அளந்தாலும் எல்லாவற்றிலும் அந்தப் பிழை ஏறி உட்கார்ந்திருக்கும். ஒன்றில் இல்லை, எல்லாவற்றிலும்.

மெஷினில் எதையும் வைக்காமல் கண்ணை வைத்தாள். சக்கரத்தைத் திருப்பினாள். கோடுகள் கூரான இடத்தில் நிறுத்தி எண்ணைப் பார்த்தாள். பூஜ்யம் அல்ல. மைனஸ் அரை.

மெஷின் கெடவில்லை என்று அவளுக்குத் தெரியும். பார்க்கிறவரின் கண்ணுக்கு ஏற்பக் குழலின் முனையில் ஒரு வளையத்தைத் திருப்பி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் செய்ய வேண்டியது அது. ஆனால் கூட்டிப் பெருக்க வருகிற அம்மா தூசி தட்டும்போது வளையம் நகர்ந்துவிடுகிறது என்று, மூன்று வருடம் முன்பு, தன் கண்ணுக்குச் சரியாக வைத்து அவளே அதன் மேல் டேப் சுற்றி ஒட்டிவிட்டாள். வேறு யாருமே பார்ப்பதில்லை, எதற்குத் தினமும் திருப்ப வேண்டும் என்று. வளையம் அன்றிருந்த இடத்திலேயே இருந்தது. கண்தான் நகர்ந்துவிட்டது.

பிளஸ் இரண்டை ஒன்றரை என்று சொல்லியிருக்கிறாள். மைனஸ் இரண்டை இரண்டரை என்று. இந்த மேசையிலிருந்து யார் எதை எடுத்துப் போட்டாலும், கிட்டத்தில் தெளிவு, தூரத்தில் பஞ்சு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அவளுடைய கனவைக் காதில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குவார்கள். சாலையைக் கடப்பார்கள். ஏணியில் ஏறுவார்கள். போன முகாமில் ஏற்கெனவே நூற்றெண்பது பேர் வாங்கிப் போயிருந்தார்கள்.

எல்லாச் சீட்டிலும் அரையைக் கூட்டி எழுதிவிடலாமா என்று யோசித்தாள். முடியாது. கண் ஒரே நாளில் நகரவில்லை. முதலில் கால், பிறகு அரை. எந்தக் கண்ணாடியை எந்த வாரம் அளந்தாள் என்பது யாருக்குத் தெரியும். ஒவ்வொன்றாகத் திரும்ப அளக்க வேண்டும். ஒன்றுக்கு மூன்று நிமிடம். பதினைந்தரை மணி நேரம். யாருக்கும் தெரியாமல் இன்று முழுக்க உட்கார்ந்தால் முடித்துவிடலாம்.

டேப்பை நகத்தால் கீறி உரித்தாள். வளையத்தைத் திருப்பினாள். தையல்காரியின் கண்ணாடியைப் பொருத்தினாள். பிளஸ் இரண்டு. நம்பிக்கை வந்தது. உறுதி செய்துகொள்ள மறுபடி பார்த்தாள். ஒன்றேமுக்கால். மூன்றாம் முறை, இரண்டேகால்.

கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஒரு கோடு, அதன் மேல் அதன் நிழல். எது கோடு எது நிழல் என்று பிரிக்க முடியவில்லை. பச்சை வெளிச்சம் பாலில் விழுந்தது போல அழகாகக் கலங்கிக் கிடந்தது. இடது கண்ணை வைத்தாள். அது இன்னும் மோசம். எழுந்து, முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி வைத்தாள்.

பதினோரு மணிக்குள் ஒன்பது கண்ணாடி. ஒன்பதுக்கும் மூன்று மூன்று விடை.

மேசை இழுப்பறையில் ஒரு நீல நோட்டு இருந்தது. சங்கத்தின் விதி அது. மெஷினைத் தொடுகிற யாரானாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தன் கண்ணைச் சோதித்து, அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி இரண்டு வரியிலும் 'சரி' என்று இருந்தது. இரண்டையும் அவளேதான் எழுதினாள், எங்கும் போகாமல்.

நோட்டை மூடிவிட்டுப் போனை எடுத்தாள். "செகண்டு, மெஷின்ல ஏதோ கோளாறு மாதிரி இருக்கு. வந்து பாக்கறியா?"

சங்கத்தின் செயலாளரைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன். சொன்ன நேரத்துக்கு நொடி பிசகாமல் வருவதால் அந்தப் பெயர். பன்னிரண்டு மணிக்கு வருகிறேன் என்றான். பன்னிரண்டு அடிக்கும்போது வாசலில் நின்றான். பின்னாலேயே கண்டக்டரும் வந்தார், கையில் நாளைக்கான டோக்கன் கட்டோடு.

"நகருங்கக்கா. வாட்ச்சுக்குள்ள போன கைக்கு இதெல்லாம் யானை," என்றான் செகண்டு. குழலில் கண்ணை வைத்தான். வளையத்தைத் தன் கண்ணுக்குத் திருப்பினான். சக்கரத்தைத் திருப்பினான். ஒரு பெருமூச்சு விட்டான், ஏமாற்றமாக. "கழட்டலாம்னு ஆசையா வந்தேன். பச்சைத் தண்ணி மாதிரி சுத்தமா இருக்கு. பூஜ்யத்துல நிக்குது பாருங்க."

அவள் பார்க்கவில்லை. "அந்தத் தையல்காரங்க கண்ணாடிய வெச்சுப் பாரு."

வைத்தான். "பிளஸ் ரெண்டு. சீட்டு என்ன சொல்லுது?"

"ஒண்ணரை," என்றார் கண்டக்டர்.

செகண்டு மேசையிலிருந்து இன்னொன்றை எடுத்து அளந்தான். பிறகு இன்னொன்று. ஆறு கண்ணாடி. ஆறும் சீட்டோடு ஒத்துப்போகவில்லை. ஏழாவதை எடுக்காமல் கையை இழுத்துக்கொண்டான். சுவரில் ஒளிவட்டங்கள் மட்டும் ஆடின.

"மெஷின் சரி," என்றான் செகண்டு மெதுவாக. "அக்கா மூணு வருசமா அளக்கறாங்க. அப்ப..." வாக்கியத்தை முடிக்காமல் கண்டக்டரைப் பார்த்தான்.

"என்னை ஏன்டா பாக்கற?" என்றார் கண்டக்டர். ஆனால் அவர் முகம் ஏற்கெனவே மாறிக்கொண்டிருந்தது. "நான்தான் மாத்திக் கட்டிட்டேனோ? சாப்பிட்டுட்டு உக்காந்தா ஒரு அஞ்சு நிமிசம் கண்ணு சொருகும், அது உண்மை. ஒரு சீட்டு நழுவினா அதுக்கப்புறம் எல்லாமே ஒண்ணு தள்ளித்தானே போயிருக்கும்."

"விடுங்கண்ணே, பாத்துக்கலாம்."

"எப்படி விடறது? முப்பத்தோரு வருசம் டிக்கெட் கிழிச்சிருக்கேன், ஒரு ஸ்டாப்பிங் மாத்திக் கொடுத்ததில்லை. கடைசில கண்ணு தெரியாத ஜனங்ககிட்டப் போய்..." அவர் டோக்கன் கட்டை மேசையில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைத் திருகி, அதன் பக்கத்தில் வைத்தார். ஊன்றியிருந்த கால் தளர்ந்து நாற்காலிக்குக் கீழே போனது. "நாளைக்கு வேற யாரையாவது உக்கார வைங்கப்பா. நான் நாற்காலி எடுத்துப் போடறேன். தண்ணி கொடுக்கறேன். எழுதற வேலை வேண்டாம் எனக்கு."

செகண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "இன்னும் இருபத்தோரு மணி நேரம் இருக்கு. எந்த எடத்துல நழுவிச்சுன்னு கண்டுபிடிச்சா அங்கேர்ந்து தள்ளிக் கட்டிடலாம்."

அப்படி ஓர் இடமே இல்லை. அவர்கள் சாயங்காலம் வரை தேடுவார்கள். கிடைக்காது. அதற்குள் திரும்ப அளக்கிற நேரமும் போய்விடும். லேப் அக்கா கண்டக்டரின் முகத்தைப் பார்த்தாள். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அது சுருக்கமில்லாமல், வழவழப்பாக, சின்னப் பையனின் முகம் போலத் தெரிந்தது. அவர் அழுகிறாரா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. எழுந்து அவர் அருகே போய் நின்றாள். அப்போதுதான் கன்னத்து ஈரம் தெரிந்தது.

"அண்ணே, பேனாவை எடுத்துப் பையில வைங்க," என்றாள். "நீங்க கட்டினதெல்லாம் சரி. நான் சொன்ன நம்பர் தப்பு."

"நீ ஏம்மா எனக்காகப் பழிய ஏத்துக்கற?"

"ஏத்துக்கலை. செகண்டு, முந்நூத்திப் பன்னெண்டையும் நீதான் திரும்ப அளக்கணும். இப்பவே ஆரம்பிச்சாத்தான் முடியும். போன தடவை வாங்கிட்டுப் போனவங்களையும் கூப்பிடணும்."

"நான் எதுக்குக்கா? நீங்க இருக்கறப்ப?"

அவள் இழுப்பறையைத் திறந்து நீல நோட்டை எடுத்து அவன் முன்னால் விரித்து வைத்தாள். "கடைசி ரெண்டு வரி. நானா எழுதினது. நான் டெஸ்டே பண்ணிக்கலை."

செகண்டு குனிந்து படித்தான். நிமிர்ந்தான். சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாத முகம். "நீங்களா? ஏன்க்கா?"

கீழே ஒரு லாரி போனது. மேசை அதிர்ந்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. கண்டக்டரின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, அருகே தெளிவாயிருந்த அவர் முகத்தையும், மேசைக்கு அப்பால் மங்கலாயிருந்த செகண்டின் முகத்தையும் பார்த்துச் சொன்னாள்.

"எனக்குக் கண்ணு தெரியாமப் போய்க்கிட்டிருக்கு."